உண்ணியையும் இப்பில்-இப்பிலையும் எந்த மாதத்தில் எடுப்பது: திருகோணமலைப் பூங்கா ஒன்றுக்கான பதில்

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். திருகோணமலை நகரத்துக்குள், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், இரண்டு ஏக்கர் பொதுப் பூங்கா. பாதிக்கு மேல் உண்ணிப் பற்றை (லன்டானா என்னும் முட்செடி), மதிலோரம் முழுக்க இப்பில்-இப்பில் (லூசீனா என்னும் மரம்), கிழக்கு மூலையில் ஒரு பழைய நாவலும் இரண்டு வேம்பும். போன வருடம் மே மாதம் பெக்கோ இயந்திரம் விட்டு ஒரே நாளில் துப்புரவாக்கி, ஜூன் 5 சுற்றாடல் தினத்தன்று பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு 300 கன்று நட்டீர்கள். இப்போது மாசி. உண்ணி நெஞ்சளவு நிற்கிறது, கன்றில் இருபதும் மிஞ்சவில்லை. "எந்த மருந்து அடித்தால் இது அடியோடு சாகும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்தின் பெயரைச் சொல்லிவிட்டால் உங்கள் பிரச்சினை தீராது. அடுத்த மாரி முடியும்போது இதே நிலைமை வராமல் இருக்க எந்த மாதத்தில் எதை, எவ்வளவு செய்ய வேண்டும் என்பதே கேள்வி என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். மருந்தைப் பற்றியும் இடையில் சொல்கிறேன்.

போன வருட வேலை தோற்றதற்கு மூன்று காரணங்கள். முதலாவது நாட்காட்டி. சுற்றாடல் தினம் உலகத்துக்கெல்லாம் ஜூன் 5. கொழும்பிலும் காலியிலும் அது தென்மேல் பருவமழை தொடங்கும் நேரம், அங்கே நட்டால் பிழைக்கும். திருகோணமலையில் அதே நாளில் கச்சான் என்ற வறண்ட சுடுகாற்று வீசிக்கொண்டிருக்கும். நமக்கு வருட மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான் விழுகிறது. வைகாசி முதல் ஆடி வரை எப்போதாவது ஒரு தூறல். வேர் பிடிக்காத கன்றை வறண்ட சுடுகாற்றில் நட்டு, அடுத்த நல்ல மழைக்கு நான்கு மாதம் காக்க வைத்தால் 300இல் இருபது மிஞ்சியதே பெரிய விஷயம். பிள்ளைகள் நட்ட விதத்தில் பிழை தேட வேண்டாம். சுற்றாடல் தினத்தன்று விதை பொறுக்குங்கள், நாற்றுப் பை நிரப்புங்கள். நடுகையை ஐப்பசிக் கடைசிக்கு வையுங்கள்.

அடுத்தது பெக்கோ. பார்க்க வேலை முடிந்ததுபோல இருக்கும், ஆனால் அது இரண்டு கெடுதல் செய்கிறது. வேர்முடிச்சுகளை உடைத்து மண்ணுக்குள் பரப்பிவிடுகிறது, ஈரம் கண்டதும் துண்டுகள் தளிர்க்கின்றன. அதைவிட மோசம், மண்ணைப் புரட்டிக் கீழே உறங்கிக் கிடக்கும் விதைகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது. இப்பில்-இப்பிலின் விதைத்தோல் கடினமானது, பத்து வருடத்துக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கும். இரண்டு ஏக்கரை ஒரே நாளில் வெறுமையாக்கினால் அடுத்த மழைக்கு இரண்டு ஏக்கரிலும் ஒரே நேரத்தில் முளைக்கும். அதைப் பிடுங்க உங்களிடம் எத்தனை கைகள் இருக்கின்றன? வெளியாக்கும் பரப்பை இயந்திரத்தின் வலுவை வைத்து முடிவு செய்யக்கூடாது. அடுத்த மாரியில் மூன்று கிழமைக்கு ஒருமுறை எத்தனை பேர் தவறாமல் வருவார்கள் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பத்துப் பேர் என்றால் முதல் வருடத்துக்கு 40 பேர்ச், அதாவது கால் ஏக்கர், போதும். மீதி ஒன்றே முக்கால் ஏக்கரில் உண்ணி நிற்கட்டும், மனம் கேளாவிட்டாலும் தொடாதீர்கள்.

மூன்றாவது காரணம் மான். கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் நகரத்துக்குள் வந்து போவது எல்லோருக்கும் தெரியும், உங்கள் பூங்காவிலும் படுக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். மான் உண்ணியைத் தொடுவதில்லை. அதன் இலை நஞ்சு, மேய்ந்த மாடுகளுக்கு ஈரல் கெட்டு, வெயில் பட்டால் தோல் வெந்து உரிவதுண்டு. ஆகவே மான் மற்றதையெல்லாம் கடித்துவிட்டு உண்ணியை மட்டும் விட்டுவைக்கிறது. வேலி இல்லாமல் கன்று நட்டால் நீங்கள் மானுக்குத் தீனி போடுகிறீர்கள், மான் உண்ணிக்கு இடம் விட்டுக்கொடுக்கிறது. மானைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை, அதன் மேய்ச்சல் நிலத்தைத்தான் நகரம் எடுத்துக்கொண்டது.

வெட்டத் தொடங்குமுன் எது எது என்று பிரித்தறியுங்கள். சிரமதானத்தில் நடக்கும் பெரிய இழப்பு, உண்ணியோடு சேர்ந்து நிற்கும் கிளா, காரை, சூரை, நொச்சி எல்லாம் 'பற்றை' என்று வெட்டுப்படுவதுதான். உண்ணியின் இளந்தண்டை விரல்களுக்கிடையில் உருட்டிப் பாருங்கள், நான்கு பட்டையாக இருக்கும், சிறு முட்கள் கீழ்நோக்கி வளைந்திருக்கும். இலை எதிரெதிராக, சொரசொரப்பாக, கசக்கினால் மூக்கில் ஏறும் வாசனை. ஒரே பூங்கொத்தில் மஞ்சளும் இளஞ்சிவப்பும் சேர்ந்து நிற்கும். 1826இல் பேராதனைத் தோட்டத்துக்கு அழகுச் செடியாக வந்தது இது. இப்பில்-இப்பிலுக்கு வெள்ளைப் பஞ்சுருண்டை போன்ற பூ, பிறகு தட்டையான காய்கள் கொத்தாகத் தொங்கிப் பழுப்பாகும். கிளா, நொச்சி, வேப்பங்கன்று எதைக் கண்டாலும் ஒரு வெள்ளைத் துணித்துண்டைக் கட்டிவிட்டு, அதன் பிறகே கத்தியைத் தூக்குங்கள்.

நீங்கள் கேட்ட இந்த மாசி மாதம் உண்ணி எடுக்க நல்ல காலம். மாரி ஈரம் இன்னும் மண்ணில் இருக்கிறது, அலவாங்கு இறங்கும். இனி வரப்போவது கோடை என்பதால் பிடுங்கிப் போட்டது மறுபடி வேர்விடாமல் காயும், புது முளையும் குறைவு. சித்திரையில் இரண்டொரு இடிமழை வரலாம், அதற்குப் பின் ஒருமுறை சுற்றிப் பார்த்தால் போதும். ஆடியில் இதே வேலையைச் செய்யப்போனால் மண் கல்லாகியிருக்கும், வேர் வராமல் தண்டு முறியும். முறிந்தால் தளிர்க்கும், ஒரு தண்டு இருந்த இடத்தில் ஐந்து வரும்.

எடுக்கும் முறை இது. கொப்புகளைக் காட்டுக்கத்தியால் கழித்து, அடித்தண்டில் ஒரு முழத்தைப் பிடியாக விட்டுவையுங்கள். அடியில் சருகையும் மண்ணையும் கையுறை போட்ட கையால் விலக்கினால், தண்டும் வேரும் சேரும் இடத்தில் விரல் மொளி வீங்கியதுபோல ஒரு முடிச்சு தெரியும். தளிர் விடும் மொட்டுகள் அந்த முடிச்சிலும் அதற்கு மேலும்தான் இருக்கின்றன. பிக்காசின் தட்டை அலகால் முடிச்சுக்குக் கீழே 3 முதல் 5 சென்ரிமீற்றர் விட்டுப் பிரதான வேரை வெட்டுங்கள். ஒருவர் வெட்ட, மற்றவர் பிடியை இழுத்துச் சாய்க்க வேண்டும். கீழே மிஞ்சும் வேர் தளிர்க்காது, அதைத் தோண்டத் தேவையில்லை, மண்ணும் கலையாது. இந்த முறை இந்தியக் காடுகளில் பெரிய அளவில் செய்து பார்க்கப்பட்டது. எடுத்த முடிச்சை மண்ணில் போடாதீர்கள். வேர் மேலே பார்க்க, தலைகீழாகப் பற்றை மேலேயே தொங்கவிடுங்கள், ஒரு கிழமைக் காற்றில் காய்ந்துவிடும். கறுத்த பழம் உள்ள கொப்புகளை மட்டும் தனியாக உரப்பையில் கட்டி வெயிலில் அழுகவிடுங்கள், ஏனென்றால் கொண்டைக்குருவி அந்தப் பழத்தைத் தின்று பூங்காவின் மறுமூலையில் விதைத்துவிடும்.

எங்கிருந்து தொடங்குவது? உண்ணி அடர்ந்த நடுவிலிருந்து தொடங்கத்தான் எல்லோருக்கும் கை வரும், தொடங்காதீர்கள். நாவலடியிலிருந்து தொடங்குங்கள். அங்கே நிழல் இருக்கிறது, உண்ணி நிழலில் மெலியும். நாட்டு மரங்களின் விதையும் அந்த அடியில்தான் விழுந்து கிடக்கும். நல்ல இடத்தை அகலப்படுத்திக்கொண்டே கெட்ட இடத்துக்குள் போக வேண்டும். இன்னொன்று, தை முதல் சித்திரை, வைகாசி வரை பல பறவைகள் கூடு கட்டும். முட்டையோ குஞ்சோ உள்ள பற்றையைச் சுற்றி இரண்டு மீற்றர் விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள், ஒரு மாதம் கழித்து எடுக்கலாம். கீரிக்கும் செண்பகப் பறவைக்கும் இப்போதைக்கு அந்தப் பற்றைதான் ஒதுங்குமிடம். கால் ஏக்கர் கால் ஏக்கராகப் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்பில்-இப்பிலுக்கு வேறு கணக்கு. முழங்கால் உயரம் வரை ஈரமண்ணில் கையால் பிடுங்கலாம், ஆணிவேர் நீளமானது, நேராக மேல்நோக்கி இழுக்க வேண்டும், சாய்த்தால் முறியும். மணிக்கட்டுப் பருமன் வரை தோண்டி எடுக்கலாம். அதற்கு மேற்பட்ட மரத்தை வெட்டினால் அடிக்கட்டை நிச்சயம் தளிர்க்கும். காய் பச்சையாக இருக்கும்போதே நிலத்தோடு ஒட்ட வெட்டி, வரும் தளிரை மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை கையால் உரித்து எறிந்துகொண்டே இருக்க வேண்டும். கத்தியால் நறுக்காதீர்கள், உரித்தால் அடிமொட்டும் சேர்ந்து வரும். வேரில் சேர்த்துவைத்த உணவு தீரும் வரை அது விடாது, ஒரு வருடத்துக்குக் குறையாமல் ஆகும். பக்கத்தில் ஆடு வளர்ப்பவர் இருந்தால் அந்தத் தளிரை அறுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள், ஆட்டுக்கு விருப்பமான தீனி. ஆட்டை உள்ளே விடாதீர்கள், கன்றும் போய்விடும். மதிலோரம் முழுவதையும் இந்த வருடமே வெட்ட ஆள் இல்லையென்றால், கொக்கத்தடியால் காயை மட்டுமாவது பழுப்பாகுமுன் அறுத்துவிடுங்கள். அதுவே பெரிய வேலை.

இனி மருந்து. பூங்காவில் இலைமேல் களைகொல்லி தெளிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிள்ளைகள் விளையாடுகிறார்கள், மான் மேய்கிறது, கடலோர மணலில் நிலத்தடி நீர் ஆழமில்லை, சுற்றியுள்ள வீட்டுக் கிணறுகள் அந்த நீரைத்தான் இறைக்கின்றன. வெட்டிய அடிக்கட்டையில் மட்டும் தூரிகையால் பூசும் முறை ஒன்று உண்டு, பல நாடுகளில் செய்கிறார்கள், வேலையும் செய்கிறது. ஆனால் எந்த மருந்துக்கு இங்கே அனுமதி என்பது இந்த நாட்டில் அடிக்கடி மாறுகிறது. பூசுவதானால் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு, பயிற்சி பெற்ற ஒருவர்தான் பூச வேண்டும். உப்புக் கரைசல், டீசல், மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்லிப் பலர் சொல்வார்கள். ஊற்றாதீர்கள். அந்த இடத்தில் நீங்கள் நடப்போகும் கன்றும் வராது.

நெருப்பும் வேண்டாம். உண்ணி எரிந்த இடத்தில் அடியிலிருந்து தளிர்க்கும், இப்பில்-இப்பில் விதைக்குச் சூடு பட்டால் தோல் வெடித்து முளைப்பு இன்னும் கூடும். கச்சான் காற்றில் ஒரு பொறி மதில் தாண்டிப் போகும். உண்ணி போன இடத்தில் வெளிச்சம் கிடைத்ததும் கினிப்புல் ஏறும், கோடையில் அதுதான் எரிபொருள். பூப்பதற்கு முன்பும் பிறகு சித்திரைக் கடைசியிலும் அதை அடியோடு அறுத்து, கன்றுகளுக்கு மூடாக்காகப் போடுங்கள். விதைக்கதிர் வந்த புல்லை மூடாக்காகப் போட்டால் கினிப்புல்லை நீங்களே விதைத்ததாகிவிடும்.

உறுதியாகச் சொல்லக்கூடியது இதுவரை சொன்னது. இனி, இடத்துக்கு இடம் மாறுவது. 'உண்ணி நின்ற மண்ணில் ஒன்றும் முளைக்காது, மண்ணில் நஞ்சு இறங்கியிருக்கும்' என்ற பேச்சு உண்டு. உண்ணிச் சாறு சில விதைகளின் முளைப்பைத் தடுப்பது சோதனைச் சட்டிகளில் காணப்பட்டது. வெளியில் பார்த்தால் உண்ணியை எடுத்த இடங்களில் நாட்டுச் செடிகள் தாமாகவே வருவதும் உண்டு. ஆகவே மண்ணை மாற்றச் செலவழிக்க வேண்டாம். வெட்டிய கட்டையைக் கறுப்புப் பொலித்தீனால் கட்டினால் சாகும் என்பதும் அப்படியே, சிலவற்றில் பலிக்கும், சிலவற்றில் பொலித்தீனைக் கிழித்துக்கொண்டு தளிர் வரும். உங்கள் பூங்காவில் எது தானாக வரும் என்பதை நான் இங்கிருந்து சொல்வதைவிட நீங்களே அளந்து பார்க்கலாம். புரட்டாசியில், ஏற்கெனவே வெளியாக்கிய பரப்பில் ஐந்து இடத்தில், ஒரு மீற்றர் சதுரமாக நான்கு தடி ஊன்றிக் கயிறு கட்டுங்கள். முதல் நல்ல மழைக்குப் பின் ஆறு கிழமை அந்தச் சதுரத்துக்குள் எதையும் பிடுங்காமல், முளைத்ததை எண்ணுங்கள். பாதிச் சதுரங்களிலாவது நாவல், வேம்பு, கிளா போன்றவை வந்திருந்தால் அந்தப் பக்கத்தில் நடுகையைக் குறைத்துக் காவலைக் கூட்டுங்கள். உண்ணியும் புல்லும் மட்டுமே வந்தால் அங்கேதான் கன்று தேவை. எண்ணி முடிந்ததும் உண்ணியையும் இப்பில்-இப்பிலையும் பிடுங்கிவிடுங்கள்.

ஐப்பசியிலிருந்து தை வரை மூன்று கிழமைக்கு ஒருமுறை களை எடுப்பு. உண்ணி முளை விரல் நீளமாக இருக்கையில் இரண்டு விரலால் வந்துவிடும். மண்வெட்டியால் கொத்தாதீர்கள், மண் புரண்டால் புது விதை மேலே வரும். ஒரு சுற்றுத் தவறினால் பிடுங்கலாம், இரண்டு தவறினால் தோண்ட வேண்டும், மூன்று தவறினால் உங்களுக்கு மீண்டும் இந்த மாசி. இரண்டாம் வருடம் பாதி வேலை, மூன்றாம் வருடம் மாரியில் இரண்டு சுற்று. இப்பில்-இப்பில் முளையை மட்டும் பத்து வருடத்துக்கு ஒவ்வொரு மாரியிலும் பார்த்தாக வேண்டும்.

கன்று எத்தனை? இதை மழை முடிவு செய்யாது, கோடைத் தண்ணீர்தான் முடிவு செய்யும். முதல் கோடையில் ஒரு கன்றுக்குக் கிழமைக்கு 8 லீற்றர் வேண்டும். 300 கன்றுக்கு ஒரு சுற்று 2,400 லீற்றர், பங்குனி முதல் புரட்டாசி வரை இருபத்தைந்து சுற்றுக்கு மேல், ஆக 60,000 லீற்றருக்கு மேல். யார் பவுசர் தருவார்கள்? 60 கன்று என்றால் சுற்றுக்கு 480 லீற்றர், ஒரு குழாயும் நான்கு பேரும் போதும். அறுபதையும் பரவலாக நடாமல் ஆறு ஆறாகப் பத்துக் கூட்டமாக நடுங்கள். கூட்டத்துக்குள் கன்றுக்குக் கன்று ஒன்றரை மீற்றர். ஒவ்வொரு கூட்டத்தையும் சுற்றி 4 மீற்றர் விட்டத்தில் ஐந்தடி உயர வலை அடித்தால், கூட்டத்துக்குப் பதின்மூன்று மீற்றர் வலை முடியும். உயரமான வேலியைத் தாண்டக்கூடிய மான்கூட, குதித்து இறங்க இடமில்லாத சின்ன வளையத்துக்குள் பாய விரும்பாது. வலையின் அடிவிளிம்பை ஆணியடித்தோ கல் வைத்தோ நிலத்தோடு இறுக்குங்கள்.

குழி ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம். மேல்மண்ணைத் தனியாக வைத்து அதையே திருப்பிப் போடுங்கள். மணலாக இருந்தால் மூன்றில் ஒரு பங்கு மட்கிய எருவும் ஊறவைத்த தும்புச்சோறும் (தென்னந்தும்புத் தூள்) கலக்கலாம். வெளியிலிருந்து வரும் மாட்டெருவை ஒரு மூலையில் குவித்து நனைத்து, இரண்டு கிழமை என்ன முளைக்கிறது என்று பாருங்கள். கரட் இலைபோல வெட்டுப்பட்ட இலையோடு பார்த்தீனியம் என்ற களை முளைத்தால் அந்த எரு வேண்டாம். இரண்டடிக்கு மேற்பட்ட கன்றும் வேண்டாம். புரெவிப் புயல் 2020 டிசம்பர் 2இல் குச்சவெளிக்கும் திரியாய்க்கும் இடையில் கரையேறியதை மறந்திருக்க மாட்டீர்கள், கார்த்திகை, மார்கழிக் காற்றில் உயரக் கன்றுதான் முதலில் ஆடி வேரறும். ஒவ்வொரு கூட்டத்திலும் மூன்று, விரைவாக நிழல் தரும் பூவரசு, புங்கை, கொன்றை. மற்ற மூன்று மெதுவாக வளரும் பாலை, வீரை, சவண்டலை. ஹல்மில்ல என்று சிங்களத்தில் சொல்லும் இந்தச் சவண்டலைதான் முன்பு மரவணிகத்தில் 'திருகோணமலை மரம்' என்றே பெயர் பெற்றிருந்தது. ஊர்ப் பெயரைச் சுமந்த மரம் ஊர்ப் பூங்காவில் ஒன்றாவது நிற்க வேண்டும். பாலைப்பழமும் வீரைப்பழமும் கோடையில் பழுக்கும்போதே விதை சேர்த்துவிட வேண்டும். பாலை மிக மெதுவாக வளர்வது, ஒரு வருடத்தில் சாண் உயரம் என்றால் கவலைப்படாதீர்கள்.

தோண்டுமுன் இரண்டு விஷயம். பூங்கா கடலின் சராசரி உயர்நீர் எல்லையிலிருந்து 300 மீற்றருக்குள் இருந்தால் அது கரையோர வலயம், கரையோரம் பேணல் திணைக்களத்துக்கும் நிலத்துக்குரிய சபைக்கும் எழுத்தில் அறிவித்து அனுமதி வாங்குங்கள். கோட்டைச் சூழல் என்றால் தொல்லியல் திணைக்களமும் வரும், சரணாலய எல்லைக்குள் என்றால் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் ஒரு செடியையும் தொடக்கூடாது. அந்த இடத்தில் முன்பு காவலரண் ஏதும் இருந்ததா என்று ஊர்ப் பெரியவர்களிடம் விசாரியுங்கள். இருந்ததென்றால் பாதுகாப்புத் தரப்பு பார்த்துச் சொல்லும்வரை அலவாங்கு இறங்கக்கூடாது. உண்ணியடிச் சருகில் புடையன் பாம்பு கிடக்கும், சப்பாத்துப் போடாத பிள்ளையை உள்ளே விடாதீர்கள்.

நடும் நாளில் நாற்றுப் பையை அடியில் பிளேட்டால் வட்டமாக அறுத்து, சுருண்ட வேரையும் ஒரு அங்குலம் நறுக்கி, பிறகு பக்கவாட்டில் கீறி எடுத்து நடுங்கள். கழற்றிய பையை ஒருவர் மட்டும் சாக்கோடு பின்னால் வந்து வாங்கிக்கொள்ளட்டும். நம்முடைய மான்கள் பொலித்தீனைத் தின்கின்றன, வயிற்றில் அது உருண்டு கட்டினால் மேய்ச்சலிருந்தும் பட்டினியில் சாகின்றன. அறுபது கன்று நட்டால், பூங்காவை விட்டு வெளியேறுமுன் சாக்கில் அறுபது பை இருக்கிறதா என்று எண்ணுங்கள்.